ஆறிய குடலும் ஞாயிற்றுக்கிழமை அப்பமும்

பூசையில் நன்மை கொடுக்கும் நேரம் வந்தால் எங்கள் கோயிலில் பெஞ்சு பெஞ்சாக எழுந்து போவார்கள். பீடத்துக்கு முன்னால் சாமியார் நின்றுகொண்டு, காகிதம் போல மெல்லிய வெள்ளை அப்பத்தை ஒவ்வொருவர் கையிலும் நாக்கிலும் வைப்பார். அதைத்தான் நாங்கள் நன்மை என்கிறோம். எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பவர் தன் முழங்கால்களை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு, மற்றவர்கள் உரசிப் போக வழி விட வேண்டும். ஒரு வருடத்துக்கும் மேலாக அப்படி வழி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் நான்.

யார் யார் உட்கார்ந்திருப்பார்கள்? விவரம் தெரியாத பிள்ளைகள். விசேஷத்துக்கு வந்த வேற்று மதத்துக்காரர்கள். பெரிய பாவம் ஏதாவது செய்துவிட்டு, அதைச் சாமியார் காதில் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்தை இன்னும் செய்யாதவர்கள். அப்புறம், கோயிலுக்குத் தெரியாமல் ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டவர்கள். நான் முதல் இரண்டு வகையிலும் இல்லை என்பது ஊருக்கே தெரியும். மிச்சம் இருந்த இரண்டில் எது என்பதில்தான் எங்கள் தெருப் பெண்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது.

உண்மையான காரணம் அந்த அப்பம் கோதுமை மாவு என்பதுதான். கோதுமை எனக்கு ஆகாது.

நான் விழுப்புரத்தின் ஓரத்தில் இருப்பவள். திண்டிவனத்தில் ஒரு கோச்சிங் சென்டரில், டாக்டருக்குப் படிக்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கு உயிரியல் எடுக்கிறேன். காலையில் பஸ் ஏறினால் விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டுவதற்குள் அன்றைய பாடத்தை மனதுக்குள் இரண்டு முறை நடத்தி முடித்துவிடுவேன். அவ்வளவு ஆர்வம். சிறுகுடல் பாடம் என்றால் கேட்கவே வேண்டாம். குடலின் உள்சுவரில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகளைக் கலர் சாக்பீஸில் வரைந்து, "இது இல்லன்னா நீங்க பிரியாணியே துன்னாலும் உடம்புல ஒட்டாது" என்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். என் குடலில் அந்த விரல்களெல்லாம் மழுங்கிக் கிடந்தது அப்போது எனக்கே தெரியாது.

எம்.எஸ்ஸி. படித்த நாளிலிருந்தே எனக்கு ரத்தம் குறைவு. இரும்புச் சத்து மாத்திரை போட்டுப் போட்டு நாக்கு கறுத்ததுதான் மிச்சம். தலைமுடி கொத்துக் கொத்தாகப் போனது. வயிறு எப்போது என்ன செய்யும் என்று சொல்ல முடியாது. ஒருமுறை விக்கிரவாண்டிக்கு முன்னால் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, கூட்டம் முழுக்க ஜன்னல் வழியாகப் பார்க்க, ஒரு மல்லாட்டைக் கொல்லைக்குள் ஓடினேன். மல்லாட்டை என்றால் எங்கள் பக்கம் வேர்க்கடலை. திரும்பி வந்து ஏறியபோது கண்டக்டர், "பாவம், வுடுங்கப்பா, அவங்க பாத்துக்குவாங்க" என்று சொன்னது ஆறுதலுக்குத்தான். ஆனாலும் அந்தக் கண்டக்டர் வரும் பஸ்ஸில் அதற்குப் பிறகு நான் ஏறவில்லை.

கடைசியில் புதுச்சேரியில் ஒரு குடல் டாக்டர் கண்டுபிடித்தார். என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். ரத்தத்தில் ஒரு சோதனை, அப்புறம் வாய் வழியாகக் குழாய் விட்டுக் குடலிலிருந்து ஒரு துணுக்கு. "சீலியாக்" என்றார். கோதுமையிலும் பார்லியிலும் இருக்கிற குளூட்டன் என்கிற பசைப் புரதத்தைப் பார்த்தால் என் உடம்பு தன் குடலையே தாக்குகிறது. சப்பாத்தி, பரோட்டா, ரவை, சேமியா, பிஸ்கட் எல்லாம் ஆயுசுக்கும் கூடாது.

வீட்டில் அம்மா இதைக் கேட்டுச் சிரித்தார்.

"நாம இன்னா வடநாட்டுக்காரங்களா? சோறு துன்ற சனத்துக்குக் கோதுமை சீக்காம்."

"ம்மா, அப்பாவுக்கு சுகர் வந்ததுல இருந்து ராத்திரி ராத்திரி சப்பாத்திதானே போடற? காலையில உப்புமா. சாயங்காலம் பிஸ்கட். நான் கோதுமை துன்னாத வேளை எது, சொல்லு?"

அம்மா விரல் விட்டுப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

அப்போது நான் நடந்துகொண்ட விதத்தை நினைத்தால் இப்போது காது சுடுகிறது. வெட்கப்படுவதற்குப் பதில் பிரசாரத்தில் இறங்கிவிட்டேன். கோச்சிங் சென்டரில் கணக்கு எடுப்பவரின் டிபன் பாக்ஸை எட்டிப் பார்த்து, "சார், சேமியாவா? அதுல இன்னா இருக்கு தெரியுமா?" என்பேன். அவருக்குக் கோதுமையால் ஒரு கெடுதலும் இல்லை. நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிற மனிதர். டீக்கடையில் பன் தின்றுகொண்டிருந்தவர்களுக்குக்கூட வகுப்பு எடுத்தேன். அப்பாவின் சப்பாத்தியை நிறுத்திக் கேப்பை ரொட்டி ஆக்கினேன். அவர் அதை மென்றுகொண்டே, "உனக்குத்தான் சீக்கு, தண்டனை எனக்கா?" என்றார்.

ஊர் முழுக்க வாய் ஓயாமல் பேசிய நான் பேசாமல் இருந்த ஒரே இடம் கோயில். அங்கே அம்மா பேசவிடவில்லை.

"சாமியார்கிட்ட சொல்லிடறேன்மா. இல்லாட்டி ஊரு கண்டதையும் பேசுது."

"இன்னா பேசுது?"

"நான் யாரையோ ரிஜிஸ்டர் பண்ணிக்கினேனாம். பையன் திண்டிவனத்துல மொபைல் கடை வெச்சிக்கிறானாம். கடை பேரு வரைக்கும் சொல்றாங்க."

அம்மா பாத்திரம் கழுவுவதை நிறுத்தவில்லை. "பேசட்டும். பாவம்னா சாமியார் காதுல சொன்னா முடிஞ்சிப்போவுது. சீக்குன்னா ஊரு காதுலயெல்லாம் போவும். எவன் கட்டிக்குவான்? நீ வாயை மூடிக்கினு உக்காரு."

நானும் உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டு அக்கா என் முழங்காலைத் தாண்டும்போது முக்காட்டைச் சரி செய்வது போலக் குனிந்து, "இன்னாடீ, இந்த வாரமும் லீவா?" என்பார். பதிலுக்குச் சிரிப்பேன். செய்யாத பாவத்துக்கு முகம் சிவக்கும் என்பது அப்போதுதான் தெரிந்தது.

இப்படி இருக்கும்போதுதான் திரும்பவும் குழாய் விட்டுப் பார்த்தார்கள். டாக்டர் தன் கம்ப்யூட்டரைத் திருப்பி இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் காட்டினார். பழைய படத்தில் குடல் சிமெண்ட் பூசின தரை போல வழவழவென்று கிடந்தது. புதியதில் விரல்கள் முளைத்திருந்தன. நான் போர்டில் வரைகிற அதே விரல்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"நல்லா ஆறிடுச்சு. இப்ப இருக்கிற மாதிரியே தொடர்ந்து இருங்க" என்றார் டாக்டர்.

அந்த இரண்டு வாக்கியத்தில் முதல் வாக்கியத்தோடு நான் எழுந்து வந்துவிட்டேன்.

பஸ்ஸில் வரும்போதே போனில் தேட ஆரம்பித்தேன். குடல் ஆறிவிட்டால் குளூட்டனைத் திரும்பத் தாங்குமா? இந்தக் கேள்வி எனக்கு மட்டும் வந்தது இல்லை. உலகத்தில் யார் யாரோ கேட்டிருந்தார்கள். ஒரு பெண் வீடியோவில் ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, குடலைச் சரி செய்துகொண்டதால் இப்போது எல்லாம் ஒத்துக்கொள்கிறது என்று சிரித்தாள். இன்னொருவர் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும் என்றார். நான் எத்தனை பேர் பேச்சைக் கேட்டேன் என்று எனக்கே தெரியாது. எல்லோரும் எனக்குச் சாதகமாகவே பேசினார்கள். எதிராகப் பேசியவர்களைப் பாதியில் நிறுத்திவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சீலியாக் இல்லாமலே கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள். வயிறு உப்பும், மந்தமாக இருக்கும், ஆனால் குடல் அரிக்கப்படுவதில்லை. அவர்களில் சிலர் கொஞ்ச காலம் நிறுத்திப் பார்த்துவிட்டு, மெல்லத் திரும்பச் சேர்த்துக்கொள்கிறார்கள். வீடியோவில் சிரித்த பெண் அந்த வகையாக இருக்கலாம். நான் அந்த வகை இல்லை. இது எனக்குத் தெரியாதா? உயிரியல் எடுக்கிறவள். பரீட்சையில் கேட்டால் சரியான விடையை எழுதியிருப்பேன். பஸ்ஸில் யாரும் பரீட்சை வைக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கண்டமங்கலத்திலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்குப் புதுச்சேரிப் பக்கம் ஒரு கம்பெனியில் மெஷின் வேலை. போட்டோ பார்த்தேன், பிடித்தது. போனில் பேசினோம், இன்னும் பிடித்தது. நான் வேகமாகப் பேசுகிறவள். அவர் நான் முடிக்கும்வரை காத்திருந்து, "இப்ப நான் பேசலாமா மேடம்?" என்று கேட்டார். அதில் விழுந்துவிட்டேன் என்றே சொல்லலாம்.

எங்கள் சனத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்க்க வீட்டுக்கு வருவதற்கு முன்னால், மாப்பிள்ளையின் அம்மா சத்தமில்லாமல் பெண்ணின் கோயிலுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வருவார். முக்காடு போட்டுக்கொண்டு பின்பெஞ்சில் உட்கார்ந்து, பெண் எப்படி நடக்கிறாள், எப்படி முழங்காலிடுகிறாள், நன்மை வாங்கிவிட்டு எப்படித் திரும்புகிறாள் என்று பார்ப்பார். யாருக்கும் தெரியாது என்று பெயர். எல்லோருக்கும் தெரியும். எங்களுக்கு சனிக்கிழமையே தகவல் வந்துவிட்டது.

"உக்காந்துக்கினு இருந்தீன்னா அவ்ளோதான்" என்றார் அம்மா. "அந்தம்மா வெளியில போறதுக்குள்ள நம்ம தெருக்காரிங்க மொபைல் கடைக்காரனுக்கும் உனக்கும் புள்ளையே பொறந்துடுச்சின்னு சொல்லிடுவாளுங்க."

"டாக்டர் ஆறிடுச்சுன்னு சொல்லிட்டாங்கம்மா. வாங்கிக்கிறேன்."

"நெஜமா?"

"நெஜமா. இனிமே ஒண்ணும் பண்ணாது."

அம்மாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோது, சொன்னது உண்மை என்று நானே நம்பிவிட்டேன்.

அடுத்த நாள் எங்கள் பெஞ்சின் முறை வந்ததும் எழுந்தேன். பக்கத்து வீட்டு அக்கா தன் காலை நகர்த்த மறந்து என்னை நிமிர்ந்து பார்த்தார். வரிசையில் போகும்போது என் முதுகில் ஒரு ஜோடிக் கண்கள் இருப்பது தெரிந்தது. தலையை எவ்வளவு குனிய வேண்டும், கைகளை எந்த உயரத்தில் கூப்ப வேண்டும் என்பதில்தான் என் கவனம் முழுக்க இருந்தது. "கிறிஸ்துவின் உடல்" என்றார் சாமியார். "ஆமென்" என்றேன். நாக்கில் ஒட்டிக் கரைந்தது. திரும்பி நடக்கும்போது பின்பெஞ்சில் பச்சைச் சேலையில் ஒரு அம்மா என்னைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தார். வயிற்றைக் கவனித்தேன். ஒன்றும் இல்லை. அன்று முழுவதும் ஒன்றும் இல்லை.

அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் போனேன். தெருவில் மொபைல் கடைக்காரன் காணாமல் போனான். வயிறு அமைதியாக இருக்க இருக்க எனக்குத் துணிச்சல் வந்தது. திண்டிவனத்தில் கோச்சிங் சென்டருக்கு எதிரே ஒரு பரோட்டாக் கடை. தட்டும் சத்தம் வகுப்பு வரை கேட்கும். ஒரு சாயங்காலம் போய் உட்கார்ந்து பாதி பரோட்டாவைச் சால்னாவில் பிய்த்துப் போட்டுத் தின்றேன். மறுநாளும் ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வாரம் முழுப் பரோட்டா. கணக்கு எடுப்பவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "மேடம், அதுல இன்னா இருக்கு தெரியுமா?" என்று கேட்டார். நானும் சேர்ந்து சிரித்தேன். மாப்பிள்ளையிடம் என் நோயைப் பற்றி அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சொன்னேன், முடிந்துபோன ஒரு கதையாக. "முன்னாடி ஒரு குடல் பிரச்சனை இருந்துச்சு. இப்ப சுத்தமா குணமாயிடுச்சு" என்றேன். "அப்ப சரி" என்றார் அவர். தன் அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. குணமான ஒன்றை யார் சொல்லிக்கொண்டிருப்பார்கள்?

நிச்சயதார்த்தத்துக்கு ஞாயிறு மாலை குறித்தார்கள். அது முடிந்ததும் கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு அறிவிப்பார்கள். அந்த வாரத்தில் டாக்டரிடம் வழக்கமான பரிசோதனை இருந்தது. இரண்டு நாள் முன்னாலேயே ரத்தம் கொடுத்திருந்தேன்; கல்யாணச் செய்தியையும் சொல்லலாம் என்று உற்சாகமாக உள்ளே போனேன்.

டாக்டர் ரிசல்ட்டைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"சாப்பிட்டிருக்கீங்க."

நான் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

"எவ்வளவு நாளா?"

"எனக்கு ஒண்ணுமே பண்ணல டாக்டர். வயித்து வலி இல்ல, வயித்தால போகல, ஒண்ணும் இல்ல. ஆறிடுச்சுன்னு நீங்கதானே..."

"ஆறினதே நீங்க சாப்பிடாததாலதாங்க."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். வலி இல்லை என்பதால் உள்ளே ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தம் இல்லை, குடலைத் தாக்கும் எதிர்ப்பொருளின் அளவு ரத்தத்தில் மறுபடியும் ஏறியிருக்கிறது, விட்டால் அந்த விரல்கள் திரும்ப மழுங்கும், உடம்பு இந்தப் பகையை மறப்பதே இல்லை என்று பொறுமையாக விளக்கினார். விளக்கிக்கொண்டே ஒரு பேப்பரை இழுத்து அதில் குடலுறிஞ்சியை வரைய ஆரம்பித்தார். எனக்கு. தினமும் அதையே வரைந்து சம்பளம் வாங்குகிற எனக்கு. நான் என்ன வேலை செய்கிறேன் என்பது அந்த நேரத்தில் அவருக்கு ஞாபகம் இல்லாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"கோயில்ல அப்பம் மட்டும்..." என்று ஆரம்பித்தேன்.

"அதுவும்தான்" என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "நிச்சயம் முடியட்டும். அப்புறம் பக்குவமாச் சொல்லிக்கலாம்" என்றார். மாப்பிள்ளைக்குப் போன் போட எடுத்தேன், வைத்தேன். மறுபடி எடுத்தேன். குணமாகிவிட்டது என்று சொன்னதே இந்த வாய்தான். என்னவென்று ஆரம்பிப்பது? பக்குவம் என்ற அம்மாவின் வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வரை வந்துவிட்டேன்.

அவர்கள் தட்டுகளோடு வந்தார்கள். பூ, பழம், வெற்றிலை, சேலை. கூடவே ஒரு கேக். வெள்ளை கிரீமில் எங்கள் இருவரின் முதல் எழுத்தும் சிவப்பில் எழுதியிருந்தது. ஜெபம் சொல்லி முடித்ததும் கேக்கை வெட்டச் சொன்னார்கள். வெட்டினோம். மாப்பிள்ளையின் அம்மா, அன்று பின்பெஞ்சில் பார்த்த அதே அத்தை, ஒரு துண்டை எடுத்து என் வாய்க்கு நேராக நீட்டினார். போன்கள் எல்லாம் என் முகத்துக்கு நேராக உயர்ந்தன.

நான் வாயைத் திறக்கவில்லை.

"தொறம்மா, போட்டோ எடுக்கிறாங்க."

"வேணாம் அத்தை."

"இன்னா வேணாம்? முட்டை போடாத கேக்குதான்."

"டயட்டு போல" என்றார் யாரோ. சிரிப்பு எழுந்தது. அத்தையும் சிரித்தபடி துண்டை இன்னும் நெருக்கினார். கிரீம் என் மேலுதட்டில் பட்டது. நான் சேலைத் தலைப்பால் அவசரமாகத் துடைத்தேன். எச்சிலைத் துடைப்பது போல அது தெரிந்திருக்கும். சிரிப்பு நின்றது.

"எனக்குக் கோதுமை ஆகாது அத்தை. மைதாவும் ஆகாது. குடல்ல ஒரு நோய். ஆயுசுக்கும் இருக்கும்."

அம்மா என் பின்னாலிருந்து முழங்கையைக் கிள்ளினார். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். அத்தை துண்டைத் தட்டில் வைத்தார். விரலில் ஒட்டியிருந்த கிரீமைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"அப்பம் இன்னாத்துல பண்றாங்க?"

"கோதுமையிலதான்."

"அன்னிக்கு வாங்கினியே. நான் பாத்தனே."

"ஆறிடுச்சுன்னு நெனச்சேன் அத்தை."

"நெனச்சியா? இல்ல, நான் வந்து உக்காந்துக்கிறேன்னு வாங்கினியா?"

நான் சேலைத் தலைப்பில் ஒட்டிய கிரீமைச் சுரண்டினேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. "சீக்கு யாருக்கு வேணா வரும். நன்மைய எங்களுக்குக் காட்டறதுக்கு வாங்கலாமா?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கையைக் கழுவப் போனார்.

இத்தனை நாள் ஊர் சொன்ன பாவம் எதையும் நான் செய்திருக்கவில்லை. எல்லோரும் என்னை நல்ல பெண் என்று நிம்மதி அடைந்த அந்த ஞாயிற்றுக்கிழமைதான் செய்திருந்தேன். அத்தனை பேர் நடுவில் அது ஒரு வெளிச்சம் போல என் முகத்தில் விழுந்தது. ஓடிப்போக மல்லாட்டைக் கொல்லைகூட இல்லை.

அவர்கள் கிளம்பினார்கள். சம்பந்தம் முறிந்தது என்றால் தட்டுகளைத் திருப்பி எடுத்துப் போக வேண்டும். உறுதி என்றால் முறைப்படி மாற்றிக்கொள்ள வேண்டும். அவர்கள் இரண்டும் செய்யாமல் அப்படியே மேசைமேல் விட்டுவிட்டுப் போனார்கள். அம்மா அந்தப் பழங்களை யாரையும் தொட விடவில்லை. பூ வாடியது, வாழைப்பழம் கறுத்தது. "எடுத்து வெளிய போடும்மா" என்றால், "அவங்க வந்து கேட்டா?" என்பார். கேக்கை மட்டும் அப்பா தின்று தீர்த்தார், சுகரோடு.

நான் சாமியாரைப் போய்ப் பார்த்துப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா. அப்பத்துக்குப் பதிலா திராட்சை ரசம் மட்டும் குடுக்க வழி இருக்குது" என்றார். பாவம் தீர்ந்திருக்கும். வெட்கம் அப்படியே இருந்தது. அதற்கு வேறு இடத்தில் போய் நிற்க வேண்டியிருந்தது.

மாப்பிள்ளையின் போன் வந்தது. "இப்ப நான் பேசலாமா?" என்றார். இந்த முறை மேடம் இல்லை.

"பேசுங்க."

"குணமாயிடுச்சுன்னு எங்கிட்ட சொன்னீங்க."

"ஆமா. சொல்லக்கூடாதத சொல்லிட்டேன்."

அவர் பக்கம் ஏதோ மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. "அம்மா உங்கள வீட்டுக்கு வரச் சொல்றாங்க. தனியா. நானும் இருக்கக் கூடாதாம்" என்றார்.

புதுச்சேரி பஸ்ஸில் ஏறிக் கண்டமங்கலத்தில் இறங்கினேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதைப் பாடம் போல ஒத்திகை பார்த்தேன். அத்தை வாசலில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். "வா" என்றார். ஒரு முறத்தை என் பக்கம் தள்ளினார். நானும் உரித்தேன். என் ஒத்திகை எதையும் அவர் கேட்கவில்லை. அவருக்கு வேண்டிய கேள்விகள் அவரிடம் இருந்தன.

"புள்ள பெத்துக்கலாமா?"

"பெத்துக்கலாம் அத்தை. நான் கோதுமை தொடாம இருக்கணும்."

"அந்தப் புள்ளைக்கும் வருமா?"

இந்த இடத்தில் என் பழைய வாயாக இருந்தால், வரவே வராது என்று அடித்துச் சொல்லியிருக்கும். "வரலாம். வராமலும் போகலாம். சோதிச்சுப் பாக்கணும்" என்றேன்.

"மருந்து?"

"இல்ல. துன்னாம இருக்கறதுதான்."

"கொஞ்ச வருசம் போனா சரியாயிடுமா?"

"குடல் ஆறிடும். துன்னா மறுபடியும் கெட்டுப்போவும். எத்தினி வருசம் போனாலும் அப்படித்தான்."

அவர் தலையசைத்தார். சம்மதம் என்றோ மறுப்பு என்றோ எடுத்துக்கொள்ள முடியாத தலையசைப்பு. "அன்னிக்கு நான் கேட்டதுக்கு நீ பதில் சொல்லல" என்றார்.

"உங்களுக்காகத்தான் வாங்கினேன் அத்தை. சாமிக்காக இல்ல."

அதைச் சொன்னபோது நான் மல்லாட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்ன முகம் வைத்திருந்தார் என்று தெரியாது. எழுந்து, "சாப்பிடலாம் வா" என்றார்.

சோறு, சாம்பார், ரசம், கத்திரிக்காய் வறுவல், தயிர். கோதுமை எதுவும் கண்ணில் படவில்லை. எனக்காகவே பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார் என்று தெரிந்தது. இலையில் சோறு விழுந்தது. ரசத்திலிருந்து பெருங்காய வாசம் வந்தது. கடையில் விற்கிற கட்டிப் பெருங்காயத்திலும் தூளிலும் பெரும்பாலும் மாவு கலந்திருக்கும். என்னை ஏற்பதா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருப்பவரின் வீட்டில், அவர் கையால் சமைத்ததைச் சந்தேகப்பட்டு, டப்பாவைக் காட்டுங்கள் என்று எப்படிக் கேட்பது? பேசாமல் இரண்டு கரண்டி ஊற்றிக்கொண்டால் யாருக்குத் தெரியும்? என் வயிறும்கூடக் காட்டிக்கொடுக்காது.

"அத்தை, பெருங்காய டப்பா எங்க இருக்கு? கொஞ்சம் பாக்கணும்."

அவர் கரண்டியோடு நின்றார். அப்புறம் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பொடி எழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன். கோதுமை மாவு என்று இருந்தது.

"ரசம் வேணாம் அத்தை."

"இத்தினியூண்டு துளிதானே போட்டேன்."

"அதுவும் ஆகாது."

"சாம்பார்லயும் போட்டுட்டனே."

"அதுவும் வேணாம்."

"வறுவல்ல?" என்று அவரே கேட்டுக்கொண்டார். யோசித்தார். "அதுலயும்தான் தூவினேன்" என்றார்.

சோற்றில் தயிரை ஊற்றிப் பிசைந்தேன். அவர் உரித்த மல்லாட்டையில் ஒரு கை அள்ளிக்கொண்டு வந்து என் இலை ஓரத்தில் வைத்தார். அப்புறம் எதிரே உட்கார்ந்து, தான் சமைத்த சாம்பாரைத் தன் இலையில் ஊற்றிக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார். நான் வேக வேகமாக விழுங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மெதுவாத் துன்னு" என்றார். "பஸ்ஸு இருக்குது."